நாற்பது ஈர முதுகுகள்

"முதுகெல்லாம் ஈரமா இருக்கு ராக்னா. இப்ப ஊத்தினா மருந்து வழிஞ்சு தரைக்குத்தான் போகும்" என்றான் எர்லண்ட்.

மாட்டு முதுகில் மருந்து ஊற்றும் துப்பாக்கியும் கையுமாக நின்ற ராக்னா இஸ்பிஸ்டர், கொட்டகையில் நின்ற தன் நாற்பது கறுப்பு மாடுகளையும் பார்த்தாள். எல்லாம் ஆவி பறக்க நின்றன. குளிர்காலத்துக்காக அன்று காலையில்தான் அவற்றை மேய்ச்சலிலிருந்து உள்ளே ஓட்டி வந்திருந்தார்கள். வழியில் பிடித்துக்கொண்டது மழை.

"நேத்தே ஓட்டிட்டு வந்திருக்கலாம். நேத்து வெயில் அடிச்சுது."

"நேத்து எனக்கு முட்டி வலி" என்றான் புருஷன்காரன்.

அக்டோபர் முதல் வாரம் மாடுகளை அடைப்பது, அடைத்த அன்றே புழுவுக்கும் பேனுக்கும் முதுகில் மருந்து ஊற்றுவது, ஊற்றி முடித்ததை மாலைக்குள் ஊருக்கே தெரியப்படுத்துவது. இருபது வருஷமாக ராக்னாவின் முறை இதுதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னியின் அந்தச் சின்னத் தீவில் யாரும் அவளை முந்தியதில்லை. அவள் கன்றுகள் சந்தைக்குள் நுழைந்தால் வேலியோரம் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

போன குளிர்காலம் மட்டும் நாலு மாடு இளைத்துப் போனது. சாணத்தைச் சோதித்துவிட்டு, "ஈரல்புழு இருக்குங்க" என்றாள் மாட்டு டாக்டர் கிர்ஸ்டி.

"என் கொட்டகையிலயா?" என்று ராக்னா கேட்ட கேள்வியில், கிர்ஸ்டி தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனாலும் அந்த வார்த்தை ராக்னாவுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் ஈரல்புழுவையும் கொல்லும் புது மருந்தாகவே வாங்கி வைத்திருந்தாள்.

சரி, முதுகு காயட்டும் என்று இரண்டு நாள் விட்டாள். மூன்றாம் நாள் காலை கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. நாற்பது மாடும் முற்றத்தில், கொட்டும் மழையில், ஆனந்தமாக நனைந்துகொண்டிருந்தன.

"நேத்து கதவைச் சாத்தினது யாரு?"

"நான்தான். காத்து பலமா அடிச்சிருக்கும்."

"தாழ்ப்பாளைக் கூடவா காத்து திறக்கும்?"

"ஆர்க்னி காத்து ராக்னா! அது என்ன வேணா செய்யும்."

மறுபடி காய்வதற்குள் ஒரு வாரம் போயிற்று. காய்ந்த அன்று துப்பாக்கி ஒழுகியது. உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். எர்லண்டே தொலைபேசியில் பட்டணத்துக் கடையைப் பிடித்து வளையம் அனுப்பச் சொன்னான். பத்து நாள் கழித்துக் கப்பலில் வந்த வளையம் துப்பாக்கிக்குள் நுழையவே மறுத்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது அது.

"என்ன சொல்லி வாங்கினே?"

"ரப்பர் வளையம்னு சொன்னேன். ரப்பர்தானே இது?"

அதற்குள் பக்கத்துப் பண்ணை ரெண்டால் வேலிக்கு மேல் தலையை நீட்டிவிட்டார். இருபது வருஷமாக இரண்டாவதாக வருபவர்.

"என்ன ராக்னா, இன்னுமா? நாங்க முடிச்சு மூணு வாரம் ஆச்சே!"

"முதுகு நல்லாக் காயட்டும்னு பாக்கறேன்."

"காயட்டும், காயட்டும். வசந்தத்துல நல்லாக் காயும்!"

ராக்னாவுக்குக் காது மடல்வரை சிவந்தது. மானத்தை விட்டு ரெண்டாலிடமே துப்பாக்கியை இரவல் வாங்குவது என்று முடிவெடுத்தாள். தான் போக மனமில்லாமல் எர்லண்டை அனுப்பினாள். அவன் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, முனையில் கொக்கி வைத்த ஒன்றைக் கொண்டுவந்தான்.

"இது செம்மறியோட வாய்க்குள்ள விடறதுடா!"

"அப்படியா? நான் பாத்தப்ப எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு."

பிறகு அவளே போனாள். ரெண்டாலின் மொத்தக் குடும்பமும் வாசலுக்கு வந்து நிற்க, சரியான துப்பாக்கியை வாங்கிக்கொண்டு தலைநிமிர்ந்தே திரும்பினாள்.

மறுநாள் முதல் மாடு, மாட்டை அசையாமல் நிறுத்தும் இரும்புக் கூண்டுக்குள் நுழைந்தது. முன்கதவின் போல்ட் இல்லை.

"கயித்தால கட்டு, எர்லண்ட். இறுக்கிக் கட்டு."

எர்லண்ட் கட்டினான். ராக்னா துப்பாக்கியை உயர்த்தினாள். கயிறு அவிழ, மாடு முன்கதவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டது. ராக்னா பின்னால் ஓடினாள். மாடு நேராக ரெண்டால் வீட்டு வாசலில் போய் நின்றது.

"துப்பாக்கி இரவல் கேட்டே, சரி" என்றார் ரெண்டால். "அதுக்குப் பதிலா கதவைக் கொடுத்தனுப்பினியா?"

வளைந்த கதவு பட்டறைக்குப் போய்ச் சரியாகி வந்தபோது நவம்பர் முடிந்துகொண்டிருந்தது. அன்று முதுகுகள் காய்ந்திருந்தன. துப்பாக்கி ஒழுகவில்லை. கதவு அசையவில்லை. ஒவ்வொரு மாட்டின் எடைக்கும் அளவு பார்த்து, கழுத்திலிருந்து வால்வரை சீராக ஊற்றிக்கொண்டே போனாள். நாற்பதாவது மாட்டைத் தட்டிக்கொடுத்து அனுப்பியபோது, தீவிலேயே கடைசியாக முடித்தவள் தான்தான் என்ற நினைப்பு வந்தது. அன்று மாலை அவள் யாருக்கும் சொல்லியனுப்பவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், ஊர்க்கூடத்தில் பண்ணைக்காரர்கள் கூட்டம். எல்லாப் பண்ணைச் சாணத்தையும் சோதித்த முடிவுகளோடு கிர்ஸ்டி எழுந்தாள். ராக்னா பின்வரிசையில் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பதினோரு பண்ணையில பத்துல ஈரல்புழு இன்னும் இருக்கு" என்றாள் கிர்ஸ்டி.

"நாங்கதான் அடைச்ச அன்னிக்கே மருந்து ஊத்தினோமே!" என்று ரெண்டால் எழுந்தார்.

"அதான் தப்பு. இந்த மருந்துக்கு வளர்ந்த புழுதான் சாகும். மேயறப்ப கடைசியா உள்ள போன குஞ்சுப் புழு பிழைச்சுக்கும். அது வளர ஏழு வாரமாவது விட்டு ஊத்தணும். ஒரே ஒரு பண்ணைதான் பொறுமையா இருந்திருக்கு. அங்க சாணத்துல ஒரு புழு முட்டைகூட இல்ல. இஸ்பிஸ்டர் பண்ணை."

கூடம் மொத்தமும் திரும்பியது. யாரோ கைதட்ட, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ராக்னா மெதுவாகக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். இருபது வருஷத்தில் அவள் முதுகு அவ்வளவு நேராக நிமிர்ந்ததில்லை.

"அவசரப்பட்டா ஆகுமா?" என்றாள். "என் மாடு, எனக்குத் தெரியாதா? சந்தேகம் இருந்தா அடுத்த வருஷம் எல்லாரும் என் கொட்டகைக்கு வாங்க, சொல்லித் தரேன். ரெண்டால், நீங்களும்தான்."

ரெண்டால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும், வாற்கோதுமை ரொட்டியை மென்றுகொண்டிருந்த எர்லண்ட் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "வாயைத் திறந்துடாதே. எல்லாம் தற்செயலா நடந்துச்சுன்னு தெரிஞ்சா என் மானம் போயிடும்."

எர்லண்ட் ரொட்டியை விழுங்கினான்.

"தற்செயலா? நீ வாங்கின மருந்தைப் பத்தி நான் கேட்டப்ப டாக்டர் அக்டோபர்லயே எங்கிட்ட சொல்லிட்டாங்க ராக்னா. உங்கிட்ட சொல்ல அவங்களுக்கும் தைரியமில்ல, எனக்கும் இல்ல, அப்புறம் ஏழு வாரம் உன்னைத் தடுத்து நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."