கார் தீர்த்தமாடிய கதை

"அப்பா, கார் தீர்த்தமாடறச்சே அதோட வயத்தை மட்டும் யாருமே தேய்க்கலையே, ஏம்ப்பா?"

தென்னூர் வக்கீல் சக்ரபாணியிடம் அவருடைய ஆறு வயதுப் பெண் பூமா இப்படிக் கேட்டபோது, கூடத்தில் ஜபம் பண்ணிக்கொண்டிருந்த அத்தை அரவிந்தவல்லி கண்ணைத் திறந்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

இடுப்பு முறிந்ததிலிருந்து அத்தையால் குதிரை வண்டியில் ஏற முடியவில்லை. ஸ்ரீரங்கம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வைகுண்ட ஏகாதசிக்கு அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றே சக்ரபாணி ஒரு பழைய காரை வாங்கியிருந்தார்.

"இதுக்கு முன்னே யாரோடதுடா இந்த வண்டி?" என்றாள் அத்தை.

"ஒரு எஸ்டேட் துரையோடது. சீமைக்குப் போறச்சே வித்துட்டுப் போனான்."

"வேட்டைக்குப் போயிருப்பான். அடியிலே என்னென்ன ரத்தம் ஒட்டிண்டிருக்கோ! குழந்தை கேட்டது நியாயந்தான். அடிப்பக்கத்தைச் சுத்தம் பண்ணு. சாயங்காலம் ஒரு வெள்ளைத் துணியாலே துடைச்சு எங்கிட்டே காட்டு. துணி வெள்ளையா வந்தா ஏறறேன்."

தாயில்லாத சக்ரபாணியை வளர்த்தவள் அவள். மறுபேச்சு கிடையாது.

மறுநாள் காலை பழைய வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சந்துப் பக்கத்துக் கொட்டகையில் காருக்கு அடியில் புகுந்தார். காய்ந்த சேறு, தார், உரிந்து தொங்கும் கறுப்புப் பெயிண்ட். சுரண்டுவதற்குக் கையில் கிடைத்தது தோசைத் திருப்பிதான். சுரண்டி, வெந்நீரும் சீயக்காயுமாகத் தேய்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். சாயங்காலம் துடைத்துப் பார்த்தால் துணி கறுப்பாக வந்தது.

"ஏன்னா, என் தோசைத் திருப்பி எங்கே?" என்றாள் மனைவி கமலவல்லி.

"அதை மறந்துடு. இனிமே அது தளிகைக்கு ஆகாது."

அடுத்த நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். சாயங்காலம் துணி முன்னைவிடக் கறுப்பாக வந்தது. பளபளப்பு வேறு.

கவலையோடு பாலக்கரைக்குப் போய், காரைப் பழுது பார்க்கும் அமிர்தசாமியிடம் கேட்டார். காருக்கு அடியில் தாமே படுத்துத் தேய்ப்பதை ஒரு வக்கீல் எப்படிச் சொல்வது? அதை மறைத்தே பேசினார்.

"ஏம்ப்பா, என் வண்டிக்கு அடியிலே எண்ணெய் கசியறதா?"

அமிர்தசாமி கையிலிருந்த திருகாணியை உற்றுப் பார்த்தான். "பழைய வண்டிங்களா... கசியும்ங்க."

"நிறுத்த முடியாதா?"

"எண்ணெய் இருக்கறது நல்லதுதானுங்க வக்கீலய்யா. அதைப் போயி ஏன் நிறுத்தணும்?"

மூன்றாம் நாள் சலவைச் சோடாவைக் கொதிக்க வைத்து வீசினார். மிச்சமிருந்த பெயிண்ட் அப்பளம் அப்பளமாக உதிர்ந்து, வெறும் இரும்பு தெரிந்தது. கையெல்லாம் கொப்புளம். கோர்ட்டில் நீதிபதி அந்தக் கையைப் பார்த்ததும், "அம்மையா?" என்று கேட்டு நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் துணி கண்மை தடவியதுபோல் வந்தது.

அத்தை கோபிக்கவில்லை. துணியை வெகுநேரம் பார்த்தாள்.

"விடுடா. நீ என்ன பண்ணுவே? நான் வர்றதிலே பெருமாளுக்கே இஷ்டமில்லை போலிருக்கு. இந்த ஜன்மத்திலே சேவிச்சது போதும்னு நினைச்சுட்டார்."



மறுநாள் தசமி. கோர்ட்டுக்குப் போகாமல், மத்தியானம் மறுபடியும் சோடா வாளியோடு கொட்டகைக்குப் போனார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரது?"

கால்கள் துள்ளின. உள்ளே தலை இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. கிரீஸ் டப்பாவோடு அமிர்தசாமி வெளியே ஊர்ந்து வந்தான்.

"நீயா! இங்கே என்ன பண்றே?"

"கோவிச்சுக்காதீங்கய்யா. முதல் நாள் வண்டி எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன். எந்தப் படுபாவியோ தினமும் வந்து இந்த வண்டியைச் சுரண்டிட்டுப் போறான். நேத்து சோடாவே ஊத்தியிருக்கான்! பெயிண்ட் பூராவும் போச்சு. மார்கழிப் பனியில இரும்பு துரு ஏறிடாதுங்களா? அதான் நானும் விடாம மத்தியானத்துல வந்து பூசிக்கிட்டே இருக்கேன். பெரியம்மா கோயிலுக்குப் போற வண்டி, பாலத்து மேல நின்னுடலாமா?"

சக்ரபாணி வாளியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நான் உன்னைப் பூசச் சொல்லவே இல்லையே?"

"இல்லைங்க. பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சக்ரபாணி பொய் சொல்லிப் பழகாதவர். அதனாலேயே வக்கீல் தொழிலில் பெரிதாக முன்னுக்கு வரவில்லை. உள்ளே போய் அத்தையிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார். கிறிஸ்தவன் கை பட்ட கிரீஸ் என்று கேட்டதும் காரையே விற்கச் சொல்வாள் என்று நினைத்தார்.

"எந்த அமிர்தசாமி? முன்னே நம்மாத்துக்குப் பின்சந்திலே குடியிருந்தானே, அவனா?"

"அவன்தான்."

அத்தை நேற்றைய கறுப்புத் துணியை எடுத்து மடித்தாள்.

"அவன் பூசினதா? அப்போ அது அழுக்கில்லே. ராத்திரி சீக்கிரம் தூங்கு. விடியறதுக்குள்ளே கிளம்பணும்."

சக்ரபாணி தம் கைக் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டார்.

பனி மூடிய காவிரிப் பாலத்தை ஒரு முனகலும் இல்லாமல் கார் கடந்தது. சொர்க்கவாசலில் அத்தையை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். பெருமாளைக் கண்டதும் கை கூப்பியவள், வாசல் தாண்டும்வரை கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.

துவாதசியன்று நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று சக்ரபாணி பாலக்கரைக்குப் போனார். அமிர்தசாமி இல்லை. அவன் மனைவி இருதயமேரிதான் இருந்தாள்.

"உன் புருஷன் எங்களுக்குப் பெரிய உபகாரம் பண்ணியிருக்கான். வந்தா சொல்லும்மா."

"அது உபகாரம் இல்லீங்கய்யா. உங்க சந்துல இருந்தப்ப எனக்கு விஷக்காய்ச்சல் வந்து, சொந்தக்காரங்ககூட எட்டிப் பார்க்கலை. உங்க அத்தைதான் தினம் பின்வாசல் வழியா வந்து, மடியில என் தலையை வச்சுக் கஞ்சி ஊட்டிட்டு, கிணத்தடியில தலைக்குக் குளிச்சிட்டு வீட்டுக்குள்ள போவாங்க. அவங்களும் நீங்க கோர்ட்டுக்குப் போற நேரம் பார்த்துத்தான் வருவாங்க!"