ஏழு மணிக்குப் பொரியும் வானம்

கலேத்தா சான் லினோ,
அக்டோபர் 9

அன்புள்ள மச்சான் லிசாண்ட்ரோவுக்கு,

லீமாவில் நீயும், வானத்தை அளக்கிற உன் ராடாரும் சுகமாயிருக்க மீனவர்களின் புனிதர் சான் பெத்ரோவை வேண்டுகிறேன். உன் அக்கா ஃபெலிசித்தா சுகம். நான் சுகமில்லை. காரணம் நீதான்.

உச்சிவானத்தில் மின்னேறிய காற்று அடுக்காக நிற்கிறது, படகுக்காரன் குரல் அதில் பட்டுத்தான் கரைக்கு வருகிறது, நம் பக்கத்தில் மட்டும் பொழுது சாய்ந்ததும் அதில் குமிழிகள் கிளம்பிக் குரலைச் சிதறடிக்கும், ஜூன் ஜூலையில் அநேகமாக இராது, செப்டம்பர் பிறந்தால் மார்ச் வரை தொல்லை, அதுவும் ஒருநாள் வரும் மறுநாள் வராது என்று ஈஸ்டருக்கு வந்தபோது சொன்னாய். நானும் வறுத்த மீனைத் தின்றபடி தலையாட்டிவைத்தேன். முந்தாநாள் மாலை என் மாப்பிள்ளை காசிமிரோ நூற்றைம்பது மைலுக்கு அப்பாலிருந்து ரேடியோவில், "மாமா, எஞ்சின் போச்சு, தண்ணி ஏறுது, மூணு பேர் இருக்கோம், எழுதிக்கோங்க, தெற்கே நாலு டிகிரி ஐம்பது, மேற்கே..." என்றான். அத்தோடு எண்ணெய்ச்சட்டியில் மீன் விழுந்த சத்தம். மணி ஏழு. அவனுக்குப் பக்கத்துக் கடலில் கணவாய் பிடித்துக்கொண்டிருந்த கெரெவாலுவின் படகைத் தேடிப்போகச் சொல்லலாம். ஆனால் மேற்கே எத்தனை என்று தெரியாமல் எங்கே அனுப்புவது?

என் மகள் யெசேனியா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, வானம் முழுங்கிருச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க. எம் புருஷன் எங்க?"

உன் அக்கா விடுவாளா? "எந் தம்பி சொன்னதைக் காதுல வாங்கினாத்தானே! அந்தக் குமிழி ஒண்ணொண்ணா கிழக்கே நகருமாம், நடுவுல சந்து கிடைக்குமாம். வாயை மூடாம கூப்பிடுய்யா!"

கூப்பிட்டேன். தொண்டை கிழிந்தது. ஒன்றரை மணி நேரம் பொரியல் சத்தம்தான். யெசேனியா அழவில்லை; அதுதான் எனக்குப் பயம். எட்டரைக்குச் சட்டென்று அமைதி. "மேற்கே எண்பத்து மூணு நாற்பது! மாமா, இடுப்பளவு தண்ணி!" அதே மூச்சில் கெரெவாலுவுக்குக் கத்தினேன். "கேட்டுருச்சு" என்றான். மறுபடி பொரியல். போய்ச் சேர்ந்தானா, மூழ்கினார்களா, எதுவும் தெரியாமல் நாங்கள் மூவரும் விடியும்வரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் வானம் துடைத்தாற்போல் சுத்தம். "மூணு பேரும் இருக்காங்க, படகை இழுத்துட்டு வர்றேன்" என்றான் கெரெவாலு. அப்போதுதான் யெசேனியா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆகவே என் தீர்மானம்: உன் ராடார் நோண்டுவதால்தான் அங்கே குமிழி கிளம்புகிறது, மார்ச் முடியும்வரை அதை நிறுத்து. நான் இனி ரேடியோவைத் தொடமாட்டேன். காசிமிரோ கரையேறியதும் இனிக் கடலுக்கே போவதில்லை என்று மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

உன் வீட்டுக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும்.

உன் அத்தான்,
அனிசேத்தோ எச்சே

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் காசிமிரோ கெரெவாலுவோடு கடலுக்குக் கிளம்பிவிட்டான். யெசேனியா என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே ரேடியோவில் உட்கார்ந்திருக்கிறாள். ராடாரை நிறுத்திவிடாதே. அன்றன்றைக்குக் குமிழி எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள். கடிதம் கிடைத்ததும் உடனே போன் செய். ஏழு மணிக்கு முன்னால் செய்.