தேங்காய்த் துவக்கு

அன்று எங்கள் கராஜுக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி சுகந்தி, அவளுடைய தம்பி பிரபா, பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் ஹெர் ஃபோக்ட். வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் எங்கள் ஆட்கள் கூடும் ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் சந்திக்கிற ஆட்களெல்லாம் தாங்களும் அங்கே நின்று பார்த்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். நம்பாதீர்கள்.

நான் பயந்த ஆள். கடிதப்பெட்டியில் அரசாங்கத்தின் மஞ்சள் உறையைக் கண்டால் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எடுப்பேன். (ஒரு தடவை குடித்த பிறகு பார்த்தால், அது பக்கத்து வீட்டுக்கு வந்த உறை.) அப்படிப்பட்ட என்னிடம்தான் ஹெர் ஃபோக்ட் ஒரு துவக்கு வேலையைக் கொண்டுவந்தார்.

பயப்படாதீர்கள், அது காற்றுத் துவக்கு, காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கி. எங்கள் ஊரில் சுடுவோர் சங்கம் ஒன்று இருக்கிறது. பென்சனுக்குப் போன பஸ் சாரதியான ஹெர் ஃபோக்ட் அதில் பழைய உறுப்பினர். அவருடைய துவக்கில், தோளில் வைத்துப் பிடிக்கும் மரக்கட்டை வெடித்துவிட்டது. புதிதாக ஒன்று செய்வதற்கு அவரிடம் ஒரே ஒரு வால்நட் பலகை இருந்தது. அவருடைய தகப்பன் நட்ட மரம் புயலில் விழுந்தபோது எடுத்துக் காயவைத்தது. மிச்சமெல்லாம் விறகாகப் போய்விட்டது.

"நீங்கள் மரத் தொழிற்சாலையிலதானே வேலை? கட்டையின்ர வெளி வடிவத்தை நான் வெட்டிப்போட்டன். இரும்புக் குழல் இருக்கிறதுக்கு உள்ளே வாய்க்கால் மாதிரி ஒண்டு குடைஞ்சு தாங்கோ. எனக்குக் கை நடுங்குது" என்றார். (அவர் பேசியது ஜெர்மன். என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.)

நான் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் பலகையை இயந்திரத்துக்குள் தள்ளுகிறவன். அந்தப் பக்கம் என்னவாக வெளியே வருகிறது என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் ஒரு ஜெர்மன்காரர் என்னை மரவேலைக்காரன் என்று நினைத்த முதல் நாள் அது. "ஓம்" என்றுவிட்டேன்.

"இரும்பையும் கொண்டு போங்கோ. அதில விளக்குக் கரியைப் பூசி மரத்தில அமத்துங்கோ. கரி பிடிச்ச இடத்தை மட்டும் சுரண்டினால் போதும்" என்றார்.

அப்போது என் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்தது. அதை ஒருவர் திறந்து பார்க்கிற அதே நேரம் என் வீட்டில் ஒரு துவக்குக் குழல் கிடந்தால்? "இரும்பு உங்களிட்டயே இருக்கட்டும். நான் அளவெடுக்கிறன்" என்றேன். சுகந்தியின் காப்புக்குத் தட்டாரிடம் அளவு கொடுப்பது போல, குழலைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து வெட்டி, பொக்கற்றில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தது ஆயுதம். வட்டமாகக் குடைகிற சுரண்டியின் விலையைக் கேட்டுக் கடையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வந்துவிட்டேன். பிரபா கைபேசியை நீட்டினான். "அத்தான், யூடியூப்பில ஒருத்தன் எல்லாச் சாமானையும் வீட்டிலயே செய்யிறான்." அவன் காட்டிய மனிதர் பழைய அரத்தைத் தேய்த்துச் சுரண்டி செய்தார். எங்களிடம் பழைய அரம் இல்லை. ஆனால் அரைவட்டமாக, பல்லோடு, மரத்தைத் தின்பதற்கென்றே செய்தது போல ஒரு சாமான் சமையலறையில் இருந்தது. சுகந்தி தேங்காய் துருவுகிற திருவலை.

அதன் தலையைக் கழற்றி, வேண்டிய அகலத்துக்குக் கல்லில் தேய்த்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியில் முடுக்கினேன். இன்னொரு தடியில் மரம் தேய்க்கிற மண்தாள் சுற்றி ஒட்டினேன். நூலை எடுத்து, இரண்டாக மடித்து, அதுதான் குழலின் அகலம் என்று மரத்தில் கோடு போட்டேன். இரண்டு பின்னேரம் சுரண்டினேன். திருவலை வால்நட்டுக்குள் வெண்ணெயில் போவது போலப் போனது. என் வாழ்நாளில் இவ்வளவு அழகான வேலையை நான் செய்ததில்லை.

சனிக்கிழமை ஹெர் ஃபோக்ட் குழலோடு வந்தார். கராஜ் கதவை மூடச் சொன்னேன். (பொலிஸ் பார்த்துவிடும்.) அவர் குழலை வாய்க்காலில் வைத்தார். அது தகப்பனின் சப்பாத்தைப் போட்ட பிள்ளை மாதிரிக் கிடந்தது. கட்டையைத் தூக்கி மெல்ல ஆட்டினார். கடகடவென்றது.

"அத்தான், உதுக்குள்ள இன்னொரு துவக்கையும் படுக்க வைக்கலாம்" என்றான் பிரபா.

ஹெர் ஃபோக்ட் பெயின்ற் வாளியின் மேல் உட்கார்ந்தார். மரத்தைத் தடவினார். "அப்பான்ர மரத்தில இதுதான் கடைசித் துண்டு" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துச் சுகந்தி உள்ளே வந்தாள்.

"இஞ்சேருங்கோ, சம்பலுக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டன். திருவலையைக் கண்டனீங்களோ?"

நான் தும்புத்தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அது என் தலைக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது, நுனியில் திருவலையோடு.

அவள் அதைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். "எப்பிடி அளந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். நூலைக் காட்டினேன். மடித்தும் காட்டினேன்.

"நூலைச் சுத்தினால் வாறது சுத்தளவு, அத்தான். அதை மூண்டாப் பிரிக்கோணும்" என்றான் பிரபா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வட்டம் அநேகமாக அடுத்த கிழமை பாடம்.

"தட்டார் ஒருநாளும் நூலை மடிக்கிறேல்லை" என்றாள் சுகந்தி. "மடிச்சிருந்தால் என்ர காப்பு முழங்கையில போய் நிண்டிருக்கும்."

இதை ஹெர் ஃபோக்டுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என் வழக்கில் எனக்கு எதிராக நானே மொழிபெயர்ப்பாளர். அவர் நூலை வாங்கினார், மடித்தார், வாய்க்காலில் வைத்துப் பார்த்தார். அச்சொட்டாகப் பொருந்தியது. பிறகு தும்புத்தடியைக் கேட்டு வாங்கி, வாய்க்காலின் ஓரத்தை ஒரு தடவை சுரண்டினார். பூப்போல ஒரு சுருள் எழும்பியது. அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எறிய வேண்டாம். இடைவெளிக்கு வெள்ளை மரப் பட்டி வைச்சு ஒட்டுவம்" என்றார். பட்டி அவர் வாங்கினார். நடுங்கும் கையால் அவர் பசை பூச, நான் பிடித்துக்கொண்டேன். பிடிப்பது மட்டும் எனக்கு நன்றாக வரும். குழல் அசையாமல் இருந்தது. கருத்த மரத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடியது. சங்கத்தில் எல்லோரும் அது என்ன வேலைப்பாடு என்று கேட்டார்களாம். "தமிழ் முறை" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் துவக்குக்கு அங்கே இன்றைக்கும் பெயர் 'கோக்கோஸ்கெவேர்', தேங்காய்த் துவக்கு. எனக்குக் குடியுரிமை கிடைத்தது. யாரும் துவக்கைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில்தான் நிம்மதி இல்லை. நான் திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போனாலும், "நூல் வேணுமோப்பா?" என்கிறாள் சுகந்தி.

அந்த மரப் பட்டிகளின் காசை ஒவ்வொரு வருடமும் நத்தார்ப் பண்டிகைக்கு நீட்டுகிறேன். ஹெர் ஃபோக்ட் வாங்குகிறார் இல்லை. வாங்கினால் கணக்கு முடிந்துவிடுமாம். பிறகு என்னை விட்டால் யார் அவருடைய வாசலில் பனி தள்ளுவது? வாங்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பதே சுகந்திதான். அதனால் இன்றுவரை நான் அவருக்குக் கொடுக்க வேண்டியது பதினொரு யூரோ எண்பது சென்ட்.