பெரியப்பாவின் காரியத்தில் நான் ஆன்மாவை விளக்கிய கதை

தத்துவம் படித்தவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கேட்பார்கள், பட்டாவில் வில்லங்கம் என்றால் வக்கீலைக் கேட்பார்கள். எங்களிடம் மட்டும், "இதப் படிச்சா என்னா வேல கெடைக்கும்?" என்று கேட்பதோடு சரி. அதனாலேயே எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தப்பித் தவறி யாராவது வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால், நாங்கள் லேசில் நிறுத்துவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் எம்.ஏ. தத்துவம் முடித்துவிட்டு விழுப்புரத்தில் வீட்டோடு இருந்தேன். எங்கள் தெருவில் அந்தப் படிப்பைப் படித்த ஒரே ஆள் நான்தான். (மாவட்டத்துக்கே ஒரே ஆள் என்றுதான் அப்போது என் நினைப்பு.) வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா, "பொண்ணு எம்.ஏ. முடிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் என்ன பாடம் என்று கேட்பதற்குள் காபி கொண்டுவர உள்ளே ஓடிவிடுவார். அப்பா அப்படியில்லை. யாராவது என் படிப்பைக் கிண்டல் செய்தால் ரோஷத்தோடு, "ஒருநாளு இல்ல ஒருநாளு அவ பேசுவா, அன்னிக்கி நீங்க கேப்பீங்க" என்பார். அந்த ஒருநாள் சீக்கிரமே வந்தது.

அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.) மண்டியில் எப்படியோ, வீட்டில் அவர் ஒரு புயல் எச்சரிக்கைக் கூண்டு. வெந்நீர், காபி, சாப்பாடு எல்லாம் அவர் நினைத்த நிமிடத்தில் எதிரே இருக்க வேண்டும். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். பறந்த தட்டை யார் எடுப்பது என்று அடுத்த சத்தம் வரும். பெரியம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. 'திண்டிவனத்திலேயே இப்படி ஒரு அடக்கமான பொம்பளை கிடையாது' என்று சொந்தக்காரர்கள் அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பெரியப்பா ஒருநாள் மண்டியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அவருடைய மூத்த மகன் ஏழுமலை அண்ணன் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார். பெரியப்பா மீசையோடு முறைத்துக்கொண்டிருக்கும் படம். அதன் கீழே, 'ஏழேழு பிறவியிலும் நீங்களே எங்கள் தாய்க்குக் கணவராகவும் எங்களுக்குத் தந்தையாகவும் வர வேண்டும்' என்று சிவப்பு எழுத்து. அதைப் படித்து ஊரே உருகியது.

பதினாறாம் நாள் காரியம். காலையில் சடங்கெல்லாம் முடிந்து, பந்திக்கு முன்னால் ஒரு சொற்பொழிவுக்கு அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். பேச வேண்டியவர் விழுப்புரத்துப் புலவர் ஒருவர். வாசலில் பந்தல், பந்தல் நிறைய சனம். மொட்டைமாடியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஒன்று பந்தலைப் பார்த்து, இன்னொன்று கடைத்தெருவைப் பார்த்து. புலவரை மட்டும் காணோம்.

"விக்கிரவாண்டிகிட்ட லாரி கவுந்துடுச்சாம். பஸ்ஸெல்லாம் அப்டியே நிக்கிதாம்" என்று சேதி வந்தது.

"பேஜாராப் போச்சே" என்று அண்ணன் தலையில் கைவைத்தார். "பந்தி ரெடியாவ இன்னும் நேரமாவும். அதுவரிக்கும் சனத்த எப்டி ஒக்கார வெக்கிறது?"

அப்பா எழுந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்த விதத்திலேயே அந்த ஒருநாள் இதுதான் என்று தெரிந்துவிட்டது.

"எதுக்குப்பா கவல? எம் பொண்ணு பேசுவா."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ படிச்ச படிப்புல ஆன்மாவப் பத்தியெல்லாம் வருமா?"

"முழுக்க அதான் அண்ணே வரும்."

"செரி, ஜல்தியா ஆரம்பி. அப்பா ஆன்மா சாந்தி அடையற மாதிரி நாலு வார்த்த நல்லதாப் பேசு."

நாலு வார்த்தை நல்லதாகப் பேசியிருக்கலாம். அப்பாவியாக அவர் கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் என் கையில் மைக், எதிரே இத்தனை பேர், எல்லோரும் முதல்முறையாக என் வாயைப் பார்க்கிறார்கள். இவர்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்காவிட்டால் வேறு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று தோன்றிவிட்டது.

"மனிதன் இறந்த பிறகு என்ன ஆகிறான் என்பதற்கு உலகத்தில் முக்கியமாக நான்கு பதில்கள் இருக்கின்றன" என்று ஆரம்பித்தேன். (இதைக் கேட்டதுமே மைக் செட்காரர் பந்தல் காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.)

முதல் பதில், ஆன்மா அழியாது, மறுபடி பிறக்கும் என்பது. அதை விளக்க மல்லாட்டையை எடுத்துக்கொண்டேன். உடம்பு தோடு, ஆன்மா உள்ளே இருக்கும் பருப்பு, தோடு போனாலும் பருப்பு மறுபடி முளைக்கும் என்றேன். மண்டிக்காரர்கள் வரிசையில் தலைகள் ஆடின. ஒருவர் மட்டும், "சொத்தப் பருப்புன்னா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் அவரை இடித்து உட்காரவைத்தார்.

இரண்டாவது பதில், ஒரே பிறவிதான், அதற்குப் பிறகு கடவுளின் தீர்ப்பு என்பது. மாதா கோயில் தெருவிலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் சிநேகிதர்கள் திருப்தியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது, நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை, ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது போலத் தொடர்ச்சி மட்டும்தான் என்று பௌத்தர்கள் சொன்னது. இது யாருக்கும் புரியவில்லை. ஆனால் விளக்கு என்ற சொல் வந்ததால் ஒரு அம்மா கைகூப்பினார்.

அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. அண்ணன்கூட லேசாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். ஆனால் நான்காவதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை என்று என் படிப்பு என்னை உசுப்பிவிட்டது.

"நான்காவது, உலகாயதம். உடம்புதான் எல்லாம், அது போனால் எல்லாம் போயிற்று என்பவர்கள் இவர்கள். இப்போது இந்த மைக்கில் என் குரல் கேட்கிறது. கரண்ட் போய்விட்டால் அந்தச் சத்தம் எங்கே போகும்? எங்கேயும் போகாது. நின்றுவிடும். அவ்வளவுதான். உயிரும் அப்படித்தான் என்பது அவர்கள் கட்சி" என்றேன்.

பந்தலில் ஒரு சலசலப்பு. அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பெரியம்மாவின் கை.

"கண்ணு, ஒரு சந்தேகம்."

என் வாழ்க்கையிலேயே முதன்முதலாகத் தத்துவத்தில் ஒருவர் சந்தேகம் கேட்கிறார்! அந்தப் பூரிப்பில், கேள்வி எல்லோருக்கும் கேட்கட்டும் என்று, ரேடியோவில் பேட்டி எடுப்பவளைப் போல மைக்கை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் நீட்டினேன்.

"நீ மொதல்ல சொன்னியே, அந்தக் கணக்குப்படி ஒங்க பெரியப்பா மறுபடியும் பொறப்பாரா?"

"பொறப்பாரு பெரியம்மா."

"பொறந்து எனக்கேவா வருவாரு? ஏழுமல போஸ்டர்ல போட்டாப்புல?"

பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படி நம்பறவங்க இருக்காங்க பெரியம்மா."

"கடேசியா ஒண்ணு சொன்னியே, உலக்கையோ என்னவோ..."

"உலகாயதம்."

"அதாம்மா. அவங்க கணக்குல?"

"அவங்க கணக்குல எல்லாம் இதோட முடிஞ்சிடுச்சி. யாரும் திரும்பி வரமாட்டாங்க."

"நிச்சியமா?"

"அவங்க அப்படித்தான் சொல்றாங்க."

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு நிதானமாக, ரேஷன் கார்டில் பேர் சேர்க்கச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "அப்ப என்னை அதுல சேத்துடு கண்ணு. ஒங்க பெரியப்பா கெட்டவரு இல்ல. ஆனா ஒரு தடவ போதும்."

பந்தல் உறைந்துபோனது. மூக்குறிஞ்சிய பெண்கள் பாதி உறிஞ்சலில் நின்றுவிட்டார்கள். கைகூப்பிய அம்மாவுக்குக் கை பிரியவில்லை. மைக் செட்காரர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார். இவை எல்லாவற்றையும்விட, மொட்டைமாடிக் குழாய் வழியாக 'ஒரு தடவ போதும்' கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயும் ஒரு நிமிடம் வியாபாரம் நின்றது. அந்த அமைதியில் கடைத்தெருப் பக்கமிருந்து முகம் தெரியாத ஒரு பெண்ணின் குரல் கணீரென்று வந்தது:

"யக்கா! என்னையும் சேத்துக்கச் சொல்லு!"

பின்னாலேயே ஒரு பெருஞ்சிரிப்பு.

அப்போதாவது நான் மைக்கைக் கீழே வைத்திருக்க வேண்டும். புத்தியுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கை என் பக்கம் திருப்பி, "பெரியம்மா எடுத்த நிலைப்பாட்டுக்கு எதிர்வாதங்களும் உள்ளன" என்று ஆரம்பித்தேன்.

ஏழுமலை அண்ணன் பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கினார். என் குரல் எங்கேயும் போகவில்லை. நின்றுவிட்டது.

"என்னாம்மா பேசிக்கினு கீற நீ? ஊரே கேக்குது!" என்று அவர் பெரியம்மாவிடம் கத்தினார்.

"சந்தேகம் கேட்டேன்டா. சந்தேகம் கேக்கக்கூடாதா?" என்றார் பெரியம்மா.

அண்ணனுக்கு அந்தக் கணத்தில்தான் உண்மையான அடி விழுந்தது. தன் அம்மா எதிர்த்துப் பேசி அவர் கேட்டதே இல்லை. வாயைத் திறந்தபடியே வயரோடு நின்றார்.

நான் வீட்டின் பின்பக்கம், சமையல் அண்டாக்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொண்டேன். இனி என்னை யாரும் எதிலும் சேர்க்கமாட்டார்கள், அப்பா தலைநிமிர்ந்து திண்டிவனத்துக்குள் நுழைய முடியாது என்றெல்லாம் அழுதுகொண்டிருந்தபோது சொந்தக்காரப் பெண்கள் சிலர் வந்தார்கள். அடிக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன். ஒருத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோரமாக, "ஏம்மா, அந்த உலக்கைக் கட்சில சேரணும்னா விரதம் ஏதாச்சும் இருக்கணுமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"அது இன்னும் நல்லதாப் போச்சி" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

பின்னாலேயே பெரியம்மா வந்தார். கையில் எனக்கு ஒரு டம்ளர் மோர். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"தப்பாச் சொல்லிட்டனா கண்ணு?"

எந்தப் பேராசிரியரும் இந்தக் கேள்விக்கு என்னைத் தயார் செய்திருக்கவில்லை.

"அவரு போனன்னிக்கி அழுதேனே, அது நெசம்தான்" என்றார் பெரியம்மா. "நடிக்கில. ஆனா இந்தப் பசங்க திரும்ப வா, திரும்ப வான்னு கூப்ட்டுக்கினே கீறாங்க. என்னை ஒரு வார்த்த கேக்கணுமில்ல? யாரும் கேக்கல. நீதான் மைக்க நீட்டன."

நான் மோரைக் குடித்தேன். வேறு என்ன செய்ய? அவர் என் தலையைத் தடவிவிட்டு, பந்திக்கு உப்பு போய்விட்டதா என்று பார்க்கப் போனார்.

அன்று மத்தியானமே பஸ் ஏறினோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டியும் பேசவில்லை. என் மேல் கோபத்தில் குமுறுகிறார் என்றுதான் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். திடீரென்று அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மே, நீயும் அப்டித்தான் நெனைக்கிறியா?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே, "விக்கிரவாண்டி வந்துடுச்சி பாருங்க. லாரிய எடுத்துட்டாங்க போல" என்றார்.

அப்பா முகத்தில் அந்த நிமிடம் தெரிந்த பீதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், தட்டில் கைவைப்பதற்கு முன், "நீ சாப்ட்டியா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பயந்துபோய் அவர் நெற்றியில் கைவைத்துச் சூடு பார்த்தார்.

பெரியப்பா வீட்டில் வருஷத் திதி ஒழுங்காக நடந்தது. பெரியம்மாவே முன்னின்று நடத்தினார். ஆனால் ஏழுமலை அண்ணன் அடுத்து ஒட்டிய நினைவஞ்சலி போஸ்டரில் பிறவி பற்றி ஒரு வரியும் இல்லை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தன் அம்மாவிடம் படித்துக் காட்டினாராம்.

எங்கள் குடும்பத்து விசேஷம் எதிலும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இன்றுவரை யாரும் மைக் வைப்பதில்லை. பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டுமா என்று யாராவது கேட்டால், "ஒரு தடவ போதும்" என்று ஒருவர் சொல்வார், மொத்த வரிசையும் புரையேறிச் சிரிக்கும். பெரியம்மாவும்தான்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமானது. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஏழேழு ஜென்மத்துக்கும் இதே ஜோடியாக இருக்க வேண்டும் என்று அட்சதை போட்டார்கள். பெரியம்மாவின் முறை வந்தது. எங்கள் பக்கத்துச் சொந்தம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெரியம்மா எங்கள் இருவர் தலையிலும் அரிசியைத் தூவினார்.

"ஒரு தடவ. அத நல்லபடியா இருங்க" என்றார்.

"அது என்ன ஒரு தடவ?" என்று மாப்பிள்ளை என் காதில் கேட்டார். கதையைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, அடிப்படையிலிருந்து ஆரம்பித்ததால். இப்போது ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அவர் காலையிலேயே வந்து நிற்பார்: "என்ன, ஒரு தடவ போதுமா?"

"ரெண்டு பக்கமும் வாதம் இருக்குது" என்பேன்.

அன்றைக்கு முழுக்க வீட்டில் காபி அவர்தான் போடுவார்.