முதல் சஹனின் பொத்தான்

பொத்தானை ஒரு தடவை அமுக்கியதற்கு மணி பதினொரு தடவை அடித்தபோது அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் ஃபாஜில், அவர் மனைவி ரசியா பேகம், கல்யாணப் பெண்ணான மகள் அனீஸா, ஃபாஜிலின் அண்ணன் அப்துல் மஜீது, கம்பி இழுக்க வந்திருந்த மைக்செட் செல்லதுரை. ஆறாவதாக யாரும் இல்லை. தானும் இருந்ததாகக் கூத்தாநல்லூரில் எவராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது.

"நான் ஒரு தடவைதானே அமுக்குனேன்?" என்றார் ரசியா பேகம்.

பொத்தானுக்குள் இருக்கும் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது துள்ளும் என்று ஃபாஜில் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துள்ளல் ஒவ்வொன்றையும், மணியை இயக்கும் சில்லு புது அழைப்பாக எடுத்துக்கொள்கிறதாம்.

"அப்ப பந்தியில ஒரு தடவை கேட்டவங்களுக்குப் பதினொரு தடவை சோறு போகும்," என்றார் ரசியா பேகம். " நல்லதுதாங்க. குறைன்னு யாரும் வாய் திறக்க முடியாது."

செல்லதுரை சிரித்தார். அப்துல் மஜீது பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஃபாஜில் குவைத்தில் இருபத்தேழு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு மற்றவர்கள் வெள்ளாமையிலும் தேநீர்க்கடைப் பேச்சிலும் பொழுதைப் போக்க, அவர் சில்லுகளை வாங்கி, அவற்றுக்கு நிரல் எழுதப் பழகினார். முதலில் ஒரு சிறிய போர்டு. அதில் விளக்கை மின்ன வைத்தார். கோழிக்கூட்டின் கதவைத் திறக்க வைத்தார். அது போதாமல் ஆறு மாதத்துக்கு முன் முப்பத்திரண்டு பிட் போர்டு ஒன்றை வரவழைத்தார். அதில்தான் இன்டரப்ட் என்ற விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

விஷயம் எளியது. சில்லு தன் பாட்டுக்கு ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். அழைப்பு வந்தால், விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அழைத்தவரைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வரும். பழைய போர்டில் அப்படி அழைப்பதற்கு கம்பி இணைக்கும் கால்கள் இரண்டே இரண்டுதான் இருந்தன. புதியதில் எந்தக் காலிலிருந்தும் அழைக்கலாம். இருபத்தேழு வருடத்தில் தன்னிடம் இப்படி ஒரு ஹெல்ப்பர் வேலை பார்த்ததில்லை என்று ஃபாஜில் தெருவில் பலரிடம் சொல்லியிருந்தார்.

இதைக் கல்யாணப் பந்திக்குக் கொண்டு வந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் குடும்பத்தின் விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி நான்கு பேர் உட்காருவார்கள். அந்தப் பெரிய தட்டில் சோறும் கறியும் நால்வருக்கும் பொது. விருந்தாளி வாய் திறந்து சோறு கேட்கக் கூடாது. வந்ததை வேண்டாம் என்று தள்ளவும் கூடாது. சஹனில் மிச்சம் வைக்கவும் கூடாது. தட்டு குறைவதற்குள் மறுசோறு வந்துவிட வேண்டும். நான்கு தலைமுறையாக வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அப்துல் மஜீதின் மகள் கல்யாணத்தில் மட்டும், நாகப்பட்டினத்துச் சம்பந்தி வெறும் தட்டைப் பார்த்து, "கொஞ்சம் சோறு இருந்தா வைங்க" என்று சபையில் சொல்லும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து அப்துல் மஜீது மிக அவசியமான வேலை இருந்தால் தவிர நாகப்பட்டினம் போவதில்லை.

இப்போது அனீஸாவுக்கு மாப்பிள்ளை முத்துப்பேட்டை ஷஹ்பாஸ். நல்ல இடம். இன்னொரு முறை அப்படி ஒரு வார்த்தை சபையில் விழுந்தால் ஃபாஜில் தன் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. அனீஸா புகுந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

எனவே முன்வரிசைப் பதினாறு சஹன்களுக்கும் ஒவ்வொரு பொத்தான். அமுக்கினால் அடுப்படியில் மணி அடித்து, அந்தச் சஹனுக்குரிய விளக்கு எரியும். மறுசோறு போகும். சபையில் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

பதினொரு மணியை நிறுத்த ஃபாஜில் அன்று மாலையே வழி கண்டார். அழைப்பு வந்ததும் பத்து விநாடி எதையும் கேட்காதே என்று இன்டரப்டுக்குள்ளேயே எழுதினார். மணி ஒரு தடவைதான் அடித்தது. ஆனால் அந்தப் பத்து விநாடியும் போர்டு முழுச் செவிடாகிவிட்டது. அனீஸா இரண்டாம் பொத்தானை அமுக்கினாள், செல்லதுரை ஏழாம் பொத்தானை அமுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை.

"அத்தா, இது எங்க காலேஜ் ஆபீஸ் மாதிரி இருக்கு," என்றாள் அனீஸா.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். இன்டரப்டுக்குள் காத்திருக்கவே கூடாது; குறித்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டார். அதன்பின் ஒரு தடவை அமுக்கினால் மணி ஒரு தடவைதான் அடித்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

அப்துல் மஜீதுதான் கேட்டார். "எல்லாரும் ஒரே நேரத்துல அமுக்குனா யாருக்கு முதல்ல போகும்?"

"யார் முதல்ல அமுக்குனாங்களோ அவங்களுக்குண்ணே."

"சம்பந்தியும் சைக்கிள் கடைக்காரனும் ஒண்ணா?"

அது நியாயமான கேள்வி. புதிய சில்லில் அதற்கும் வசதி இருந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு மரியாதை எண் கொடுக்கலாம். மரியாதை கூடியவர் அழைத்தால், குறைந்தவர் காத்திருப்பார். எண்கள் சுழியம் முதல் பதினைந்து வரை. எண் சிறியதாக இருந்தால் மரியாதை பெரியது. ஃபாஜில், மாப்பிள்ளையின் அத்தா உட்காரும் முதல் சஹனுக்குச் சுழியம் போட்டார். ஜமாஅத் தலைவருக்கு ஒன்று. வீட்டு மனிதர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பதால் அண்ணன் சஹனுக்குப் பதினைந்து.

அப்துல் மஜீது தாளை வாங்கிப் பார்த்தார். தன் பெயருக்கு எதிரே பதினைந்து என்று இருந்ததில் அவருக்குத் திருப்தி. முதல் வரியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சம்பந்திக்கு முட்டையா போடுறது? ஒரு அஞ்சாவது போடு."

போடுவதாகச் சொல்லித் தாளை மடித்துக்கொண்டார் ஃபாஜில். போடவில்லை.

பொத்தானின் மேல் 'மறுசோறு' என்று எழுதி ஒட்டலாமா என்றும் கேட்டார். அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள் என்று சம்பந்திக்கு எழுதிக் காட்டுவது இந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. பரிமாறுகிறவர் சஹனை வைக்கும்போது, "பொத்தான் இருக்குங்க" என்று சொன்னால் போதும் என்று முடிவாயிற்று. ஊர்க்காரர்கள் பத்து நாளாக ஃபாஜில் வாயால் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள்.

கல்யாணத்தன்று நிக்காஹ் முடிந்து பந்தி உட்கார்ந்தது. முதல் சஹனில் மாப்பிள்ளையின் அத்தா, அவருடைய அண்ணன், தாய்மாமன் ஜாஃபர் சாதிக், முத்துப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர். ஃபாஜில் அடுப்படியில் மடிக்கணினியோடு நின்றார். பக்கத்தில் சமையல் பண்டாரி கைகட்டி நின்றார்.

வழக்கப்படி முதல் மறுசோறு யாரும் அழைக்காமலே எல்லாச் சஹனுக்கும் போயிற்று. சற்று நேரத்தில் மணி அடித்தது. முதல் விளக்கு. ஃபாஜிலுக்குக் கண் கலங்கியது. சோறு போயிற்று. மறுபடி மணி. மறுபடி முதல் விளக்கு. சோறு போயிற்று. மறுபடி.

பரிமாறியவர் வந்து, "அண்ணே, தட்டுல இன்னும் பாதி இருக்குது" என்றார்.

"சூடா வேணும்போல," என்றார் ஃபாஜில். "அழைச்சா வைக்கணும். கேள்வி கேக்கக் கூடாது."

ஐந்தாவது தடவையில் அவருக்குச் சந்தேகம் வந்தது. துள்ளல் திரும்பிவிட்டதோ என்று மடிக்கணினியில் பார்த்தார். துள்ளல் இல்லை. ஒவ்வொன்றும் சுத்தமான அழைப்பு. ஒவ்வொரு தடவையும் விரல் முந்தியதை விட நீண்ட நேரம் அமுங்கியிருந்தது.

"அமுக்கிப் பிடிக்கிறாங்கன்னா?" என்றார் பண்டாரி.

"பத்தலைன்னு அர்த்தம்."

நின்ற இடத்திலேயே நிரலை மாற்றினார். நீட்டி அமுக்கினால் விளக்கு இரண்டு தடவை மின்னும். இரண்டு கிண்ணம் போக வேண்டும். உடனே மின்னியது. இரண்டு கிண்ணம் போயிற்று. பரிமாறியவர் திரும்பி வந்து, முதல் சஹனில் இருந்த பெரியவர் தன்னைப் பார்த்த பார்வை சரியில்லை என்றார். மரியாதை குறைந்துவிட்டதோ என்று ஃபாஜில் கறியையும் கூட்டச் சொன்னார்.

இதற்குள் மற்றப் பதினைந்து சஹன்களும் அமுக்கிக்கொண்டிருந்தன. ஆனால் சுழியத்தின் அழைப்பு நிலுவையில் இருக்கும்வரை மற்ற விளக்குகள் எரியாது. அதுதான் ஏற்பாடு. ஜமாஅத் தலைவர் தட்டை வழித்துவிட்டுப் பந்தலின் மேற்கூரையை ஆராய்ந்தார். பதினைந்தாம் எண்ணில் அப்துல் மஜீது கட்டைவிரலால் அமுக்கினார், பிறகு உள்ளங்கையால் அமுக்கினார்.

கடைசியில் அவரே எழுந்து அடுப்படிக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஃபாஜிலு. தலைவரு வெறும் தட்டோட இருக்காரு."

"சம்பந்தி இன்னும் அழைக்கிறாங்கண்ணே."

"எத்தனாவது?"

"பதினாலு."

அப்துல் மஜீது முதல் சஹன் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போகட்டும். கேக்குறவங்களுக்கு இல்லேன்னு சொன்ன குடும்பம் இல்ல நம்மளது," என்றார்.

பண்டாரி சோறு ஆக்கிய தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தார். "இல்லேன்னு சொல்ல வேண்டியதில்லண்ணே. தேக்சாவே சொல்லிரும்."

ஃபாஜில் ஒரே ஒரு வரி எழுதினார். எந்த இன்டரப்டையும் ஏற்காதே என்பது அதன் பொருள். எல்லா விளக்குகளும் அணைந்தன. பண்டாரி ஆட்களை அழைத்து, இனிக் கண்ணால் பார்த்துப் பரிமாறுங்கள் என்றார். பத்து நிமிடத்தில் பந்தி ஒழுங்குக்கு வந்தது. தலைவர் சஹனுக்குக் கறி போயிற்று. அப்துல் மஜீதின் சஹனுக்குத் பருப்புத் தால்சாதான் மிஞ்சியிருந்தது. முதல் சஹனில் தட்டு வழித்துச் சுத்தமாக இருந்தது. நால்வரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்து, கை கழுவி, விருந்தில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிக் காரில் ஏறினார்கள்.

குறை இல்லை. அந்த வார்த்தை சபையில் எல்லார் காதிலும் விழுந்தது. ஃபாஜில் அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. முத்துப்பேட்டைக்காரர்கள் நாலு பேர் பதினாலு தடவை மறுசோறு கேட்டு வாங்கித் தின்றார்கள், அதனால்தான் கறி தீர்ந்தது என்று கடைத்தெருவில் பேச்சு. தேநீர்க்கடையில் அது இருபத்தொன்று ஆயிற்று. சம்பந்தி மானமும் நம் மானம்தான். நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று அண்ணன் அனுப்பினார்.

எட்டாம் நாள் ஃபாஜில் இரண்டு கிலோ தம்ரூட் இனிப்போடு முத்துப்பேட்டை போனார். மாப்பிள்ளையின் அத்தா சாய்வு நாற்காலியில் கிடந்தார். தாய்மாமன் ஜாஃபர் சாதிக் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்ரூட் டப்பாவைத் திறந்ததும் இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

ஃபாஜில் தொண்டையைச் செருமினார். "எங்க ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நீங்க பதினாலு தடவை சோறு கேட்டு வாங்குனதா ஒரு பேச்சு இருக்கு. உங்க காதுக்கு வந்தா மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி. கேட்டு வாங்குனது எங்களுக்குப் பெருமைதான்."

ஜாஃபர் சாதிக் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது தப்புங்க. நாங்க ஒரு தடவைகூடக் கேக்கலை. பதினாலு தடவையும் போதும்னுதான் அமுக்குனோம்."