புஷ்பம் வீட்டுச் சுவரில் இறங்கிய சக்தி

அம்மன் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். மலையுச்சியில் இறங்கலாம், ஆற்றங்கரையில் இறங்கலாம். இந்த ஐப்பசியில் கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற ஏழாம் நம்பர் லயத்தில், புஷ்பத்தின் ஒற்றை அறைக் காம்பராவில், அதுவும் அரிசி வாளி வைத்திருந்த மூலைச் சுவரில் இறங்கிவிட்டாள்.

சனம் சும்மா இருக்குமா? பண்டாரவளையிலிருந்து வேன் பிடித்து வந்தது. வெலிமடையிலிருந்து லீக்ஸ் ஏற்றும் மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டும் வந்தது. வந்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றினார்கள், காலைக் கழுவினார்கள், ஈரக் காலோடு உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறியது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் இரண்டு தடவை கை வைத்துப் பார்த்து, சக்தி இருக்கத்தான் செய்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். சக்தி இருந்தது உண்மைதான். என்ன சக்தி என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

புஷ்பத்துக்குப் பெருமையாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. இத்தனைக்கும் அவள் கேட்டது அம்மனை அல்ல, நாலு தகரத்தை.

காற்றில் கூரைத் தகரம் கிழிந்து, மழைத்தண்ணீர் அந்த மூலைச் சுவர் வழியாகத்தான், அதில் ஓடிய பிய்ந்த வயரையும் நனைத்துக்கொண்டு, இறங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் மகள் துவாரகா தலைப்பிரசவத்துக்கு வரவேண்டும். பச்சைப்பிள்ளையை ஈரக் காம்பராவில் எப்படிப் போடுவது என்று புஷ்பம் கைக்காசு சேர்த்து நாலு தகரம் வாங்கி வைத்திருந்தாள்.

அதற்குள் அவள் புருஷன் விஜேந்திரன் இன்னொரு பழுதைப் பார்த்துவிட்டார். குடையைப் பழுது பார்த்தார், அது மடங்கவில்லை. ரேடியோவைப் பழுது பார்த்தார், அது பேசவில்லை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து கடைசியில் ட்ரிப் சுவிட்சில் கைவைத்தார். மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற சுவிட்ச் அது. மழை பெய்தபோதெல்லாம் பாவம், விழுந்து விழுந்து எச்சரித்தது. இதென்ன தொல்லை என்று அவர் அதைத் தள்ளிவிட்டு, வயரை முறுக்கி நேராகக் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் சுவரில் அம்மன் வந்துவிட்டாள்.

அவள் வந்த இரண்டாம் நாள், மொனராகலையிலிருந்து சக்திதாச சுவாமி வந்தார். வரும்போதே ஒரு பலாப்பலகையும் கொண்டுவந்தார். குருவின் பாதம் தரையில் படக்கூடாதாம். பலகையில் ஏறி நின்று, சந்தனம் அப்பிய ஒரு சின்ன வேலாயுதத்தை எடுத்துச் சுவரில் வைத்தார். வேலின் நடுவே சிவப்பாய் ஒரு கண் திறந்தது. பார்த்தவர்களுக்கு மெய் சிலிர்த்தது. விஜேந்திரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அன்று முதல் காம்பரா சுவாமியின் ஆட்சிக்குப் போனது. செருப்போடு வந்தால் கண் போகும் என்றார். கூரையைத் தொட்டால் குலம் போகும் என்றார். ஒழுகுகிற மழை அம்மனுக்கு அபிஷேகமாம். புஷ்பம் வாங்கிய நாலு தகரமும் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சுவாமியின் ஆசனத்துக்கு மேலே ஏறின. அம்மனுக்கு அபிஷேகம், சாமிக்குத் தகரம். காணிக்கைத் தட்டும் தகரத்துக்குக் கீழேதான் இருந்தது.

பிள்ளைத்தொட்டிலை அந்தச் சுவர் ஓரத்திலேயே கட்டு என்று சுவாமி சொன்னபோது வேண்டாம் என்று சொல்லப் புஷ்பம் வாயைத் திறந்தாள். ஆனால் சாமியை எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கொழுந்து எடுத்துவிட்டு மத்தியானம் நனைந்துபோய் வந்தாள். சுவாமி சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்தார். ரப்பர் பூட்ஸைக் கழற்ற மறந்து உள்ளே போனவள், அரிசி வாளி சரிவதைப் பார்த்து எட்டிப் பிடிக்கையில் சுவரில் கையை ஊன்றிவிட்டாள்.

ஒன்றும் ஏறவில்லை.

அம்மன் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று பதறிப்போனாள். பூட்ஸைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டு வந்து தொட்டாள். சுரீர். மறுபடி பூட்ஸோடு தொட்டாள். ஒன்றுமில்லை. தெய்வத்தைச் சோதிக்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் மூன்றாம் தடவையும் தொட்டாள். பயந்துகொண்டே பார்த்தாலும் சோதனை சோதனைதான். ரப்பர் பூட்ஸுக்கு ஒதுங்குகிற அம்மனை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

பூட்ஸோடு நேரே பஜாருக்கு நடந்து, வயரிங் பாஸ் பஸீலிடம், கண் திறக்கிற வேல் உட்பட எல்லா விஷயத்தையும் சொன்னாள். முப்பது வருடமாக அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மின்சார வேலை பார்க்கிறவர் அவர். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை.

"இனி அந்தச் செவத்துல ஒரு ஆளக்கூட கைவைக்க உடாதீங்க தங்கச்சி. இப்ப சுர்ருங்குது. மழ கூடினா ஆளையே இழுத்துப் புடிச்சிக்கும்."

என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். தான் கூட வருவதாகவும், தான் வாய் திறந்தால் ஒரு முஸ்லிம் சாமியை ஏசினான் என்று கதை திரும்பிவிடும், அதனால் கேட்பது அவளாகவே இருக்கட்டும் என்றும் சொன்னார். இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

காம்பரா நிறைய சனம். நடுவில், சொன்ன நாளுக்குப் பத்து நாள் முந்தியே அன்று வந்து இறங்கிவிட்ட துவாரகா, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். செருப்பைக் கழற்றி, காலைக் கழுவியாகிவிட்டது. பிள்ளைக்கு நல்லது, கையை வை என்று சுவாமி பலகை மேலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கை பாதி தூரம் போயிருந்தது.

புஷ்பம் பூட்ஸோடு உள்ளே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நாக்கு எழுந்துவிட்டது.

"எம்புள்ள கை வைக்க மாட்டா சாமி. நீங்க பலகைய விட்டு எறங்கி, காலக் கழுவிட்டு, மொதல்ல வைங்க."

சுவாமி ஈரத் தரையைப் பார்த்தார். தான் மண்ணில் கால் வைத்தால் இந்த மலை தாங்காது என்றார். மலை தாங்கும், வைத்துப் பாருங்கள் என்று வாசலிலிருந்து ஒரு கிழவர் சொன்னார். சுவாமி பலகையை இன்னும் இறுக்கி மிதித்தார்.

"ஏங்க, மெயின் சுவிட்ச அணைங்க" என்றாள் புஷ்பம். விஜேந்திரன் சாமியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தபின் அணைத்தார். அம்மனுக்கு முன்னால் எரிந்த பல்பு அணைந்தது. பஸீல் தன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். புஷ்பம் பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலோடு நின்று உள்ளங்கையை வைத்தாள். சில்லென்ற ஈரச் சுவர், அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்களும் வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள்.

புஷ்பம் சுவாமியின் பூசைத் தட்டிலிருந்த வேலாயுதத்தை எடுத்து முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. பஸீலின் கையிலும் அதே மஞ்சள் பிடி. கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்டர். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, சுவிட்சைப் போடவைத்து, பஸீல் செருப்போடு நின்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சுவரில் வைத்தார். இரண்டிலும் அம்மன் ஒரே மாதிரி கண் திறந்தாள்.

பேசமாட்டேன் என்று வந்த மனிதரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "என்னோடது பஜார்ல வாங்கினது சாமி. உங்களோடது எந்தக் கோயில்ல வாங்கினீங்க?"

சுவாமி இறங்கினார். மலை தாங்கிக்கொண்டது. காணிக்கைத் தட்டைச் சனம் பிடித்துக்கொண்டதால் மொனராகலை பஸ்ஸுக்கு வெறுங்கையோடு ஓடினார். பலகையையும் விட்டுவிட்டார்.

அந்தப் பலகையில் நின்றுதான் பஸீல் வயரைப் பிரித்து மாற்றினார், புது ட்ரிப் சுவிட்சும் போட்டார். தகரம் நாலும் அன்று பொழுது சாய்வதற்குள் கூரைக்குப் போயின. விஜேந்திரனுக்கு ஏணியைப் பிடிக்கும் வேலை மட்டும் கொடுக்கப்பட்டது. கார்த்திகையில் பேத்தி பிறந்தாள். காய்ந்த சுவர் ஓரத்தில் அவளுக்குத் தொட்டில் ஆடியது.

இப்போதும் எப்போதாவது ஒரு வேன் வந்து நிற்கிறது. அம்மன் இருக்கிறாளா என்று கேட்கிறார்கள். "அம்மன் கோயில்ல இருக்கா. இங்க இருந்தது பிஞ்ச வயரு" என்கிறாள் புஷ்பம். போனவாரம் வந்தவர்கள் முகம் வாடிப்போய், அடுத்த மழைக்கு அந்தச் சக்தி திரும்ப வருமா என்று கேட்டார்களாம்.

வரும், கட்டாயம் வரும். நம் வீடுகளில் ஒழுகாத கூரை எத்தனை? ஒன்று மட்டும் செய்யுங்கள். வானத்தைப் பார்த்துக் கும்பிட அண்ணாந்து பார்க்கிறீர்களே, அப்போது நடுவில் இருக்கிற கூரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.