வந்த தேதி இல்லாத முத்தம்மா

பெங்களூருக்குப் பிழைக்க வருகிறவர்களை அன்போடு அரவணைத்து, ஊரோடு முறைப்படி ஒன்றச் செய்வதென்று தொண்ணூறுகளின் கடைசியில் மேலிடம் ஒரு கொள்கை வகுத்தது. நல்ல கொள்கைதான். நாசமாய்ப் போக, அதற்கு ஒரு கவுண்டரும் திறந்தார்கள்.

ஆஸ்டின் டவுனில் இட்லி சுட்டு விற்கும் முத்தம்மாவின் ரேஷன் கார்டு மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. கார்டு இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் இல்லை, அடுப்பும் எரியாது. புதுக் கார்டு கேட்டு மனுப் போட்டாள். தாய்மொழி தமிழ் என்றிருந்ததால் மனு தானாகவே குடியேறியோர் கவுண்டருக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் துணைக்குப் போனேன்.

அதிகாரி சேஷகிரி பண்பானவர். உட்காரச் சொன்னார்.

"பெங்களூருக்கு எப்போம்மா வந்தீங்க?"

"வரல சார். இங்கேயே பொறந்தேன்."

"சரி, உங்க அப்பா?"

"அவரும் இங்கதான். தாத்தாவும் இதே தெருதான் சார்."

சேஷகிரிக்கு முகம் வாடிப்போயிற்று.

"அய்யய்யோ! வந்த தேதியே இல்லாம உங்களை எப்படிம்மா ஏத்துக்கிறது?"

"அப்போ உள்ளூர்க்காரங்க கவுண்டருக்கு அனுப்பிடுங்க சார்."

"ஃபைல் இங்க வந்துடுச்சே! வந்த ஃபைலைத் திருப்பி அனுப்ப ரூல் இல்லம்மா." கொஞ்சம் யோசித்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுங்க. ஓசூர் வரைக்கும் பஸ்ல போயிட்டு வாங்க. வர்ற டிக்கெட்டை மட்டும் தொலைச்சிடாதீங்க."

மறுநாள் முத்தம்மா ஓசூரில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, பெங்களூருக்குக் குடிபெயர்ந்தாள். டிக்கெட்டைப் பார்த்ததும் சேஷகிரி எழுந்து நின்று வரவேற்றார். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது, கன்னடத்தில் தண்ணீர் எப்படிக் கேட்பது என்று விதிப்படி அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். அவருடைய கன்னடத்தில் இரண்டு இடத்தை முத்தம்மா திருத்தினாள். கார்டு கைக்கு வந்தது.

இந்த மாதிரிச் சேதி சும்மா கிடக்குமா? கார்டு இல்லாதவர்கள் எல்லாரும் ஓசூருக்குக் கிளம்பினோம். நானும்தான். உள்ளூர்க்காரர் கவுண்டரில் ஆறு மாதம் நின்று வெறுத்துப்போன கன்னடக்காரர் கிருஷ்ணப்பாகூட எங்களோடு பஸ் ஏறினார். ஒரே வாரத்தில் முந்நூறு பேர் குடியேறினோம்.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் வரிசை தெருமுனையைத் தாண்டியது. முத்தம்மா முறை வந்தபோது மண்ணெண்ணெய் டிரம் காலி. கேனை ஓங்கித் தரையில் வைத்தாள்.

"எங்கிருந்துதான் வந்து குவியுதுங்களோ! வெளியூர்க்காரங்களை உள்ள விடறதை மொதல்ல நிறுத்தணும்!"

வரிசையில் நின்ற முந்நூறு பேரும் கை தட்டினோம்.